பெரிய ஆள் வேண்டாம், இரண்டு படி மேலே நிற்பவர் போதும்

கேள்வி: அக்கா, எனக்கு வயது 24. வீடு பினாங்கில், பட்டர்வொர்த்தில், வேலை பாயான் லெபாஸில் ஒரு ஃபேக்டரியில், டெக்னீசியன். ஐந்து வயதிலிருந்து திக்கும். பள்ளியில் 'காகாப்' (மலாயில் திக்குவாய்) என்றுதான் கூப்பிடுவார்கள். என் பெயர் 'க'வில் ஆரம்பிக்கிறது, அதைச் சொல்லவே வராது. வாக்கி டாக்கியில் பேச வேண்டி வந்தால் நண்பனிடம் நீட்டிவிடுவேன். மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) மீ கோரேங் சாப்பிட ஆசையாக இருக்கும், வாய்க்கு வருகிற ரொட்டி சானாயைக் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன். ஒரு வருடமாக இணையத்தில் திக்குகிறவர்கள் தங்களைப் பற்றி எழுதுவதைத் தேடித் தேடிப் படிக்கிறேன், சில நாள் இரவு இரண்டு மணி ஆகிவிடும். என் கதையையே வேறு யாரோ எழுதியது போல இருக்கிறது. ஆனால் எல்லாரும் அமெரிக்கா, இங்கிலாந்து. நம் ஆட்கள் கண்ணில் படவே இல்லை. நானும் இதுவரை ஒரு வரிகூட எழுதியதில்லை. காலையில் எழுந்தால் அதே வாய்தான். இது எனக்கு உதவியா, இல்லை வெறும் ஆறுதலா? பார்த்துக் கற்றுக்கொள்ள நமக்கு யார் இருக்கிறார்கள்? அடுத்த மாதம் லைன் லீடர் வேலைக்கு இன்டர்வியூ இருக்கிறது. மாமா, 15 நாளில் திக்கலைப் போக்கும் என்று ஒரு வீடியோ கோர்ஸ் அனுப்பியிருக்கிறார், 1,800 ரிங்கிட். அம்மா தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பதில்: தம்பி, ரொட்டி சானாயிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது அதுதான், இன்டர்வியூ கூட இல்லை.

வராத வார்த்தையை விட்டுவிட்டு வருகிற வார்த்தையைச் சொல்லித் தப்பிப்பது திக்குகிறவர்களில் நிறைய பேர் செய்வது. இதில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், பத்து வருடம் கூட வேலை பார்த்தவருக்கே இவருக்குத் திக்கும் என்று தெரிந்திருக்காது. 'கமலா' வராது என்று 'உங்க தங்கச்சி' என்பார்கள், 'பினாங்கு' வராது என்று 'தீவுப் பக்கம்' என்பார்கள். வெளியில் இருந்து பார்த்தால் சரளமான பேச்சு, உள்ளே ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். சொந்தப் பெயரில் மட்டும் இந்த வித்தை செல்லாது, அதற்கு வேறு வார்த்தை கிடையாது அல்லவா, அதனால்தான் திக்குகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் சொல்வதே பெரிய கண்டமாக இருக்கிறது. உங்களுக்கு 'க' என்ற எழுத்தோடு பகை ஒன்றும் இல்லை. 'மணி' என்று பெயர் வைத்திருந்தால் 'ம'வோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஜோசப் ஷீஹான் என்று ஒரு அமெரிக்க உளவியலாளர், அவருக்கும் திக்கும், இதைப் பனிப்பாறைக்கு ஒப்பிட்டார். காதில் விழுகிற திக்கல் தண்ணீருக்கு மேலே தெரிகிற துண்டு மட்டும்தான், கீழே கிடப்பதுதான் பெரியது: பயம், வெட்கம், வார்த்தை மாற்றுவது, போனை எடுக்காமல் விடுவது, வாக்கி டாக்கியை நண்பனிடம் நீட்டுவது. நான் பேச்சு சிகிச்சையாளர், என் அறைக்கு வருகிறவர்களிடம் நான் அதிகமாக வேலை செய்வது அந்தக் கீழ்ப் பகுதியில்தான். உங்கள் கேள்விக்கான பதிலும் அங்கேதான் கிடக்கிறது.

'நம் ஆட்கள் கண்ணில் படவில்லை' என்கிறீர்கள். பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குத் திக்கும் என்பது உலகம் முழுக்க ஏறக்குறைய ஒத்துக்கொள்ளப்பட்ட கணக்கு. பினாங்கு மாநிலத்தில் 17 லட்சம் பேருக்கு மேல் இருக்கிறோம், ஆக இங்கேயே பல ஆயிரம் பேராவது இருக்க வேண்டும், அதில் தமிழர்களும் இருக்கத்தானே வேண்டும்? எங்கே அவர்கள்? உங்களை மாதிரியே ரொட்டி சானாய் கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் ஃபேக்டரி பஸ்ஸிலேயே ஒருவர் போகலாம், அவரும் உங்களைப் பார்த்து 'இவனுக்கு என்ன, வாயைத் திறக்காத அமைதியான பையன்' என்று நினைத்திருப்பார். நம் ஊரில் முன்னோடி கிடைக்காததற்கு ஆள் இல்லாதது காரணம் இல்லை, எல்லாரும் ஒளிந்துகொள்வதில் கெட்டிக்காரர்களாக இருப்பதுதான் காரணம்.

இணையம் இந்த இடத்தில்தான் பெரிய நன்மை செய்தது. எழுதுவதற்கு வாய் தேவையில்லை, அதனால் ஒளிந்திருந்தவர்கள் வெளியே வந்தார்கள். கான்சாஸில் இருக்கிற ஒரு பெண், கல்யாண வரவேற்பில் மைக்கைக் கொடுத்துவிடுவார்களோ என்று பயந்து கழிப்பறையில் போய் நின்றேன் என்று எழுதுகிறாள், அதை நீங்கள் பட்டர்வொர்த்தில் படுக்கையில் படுத்துக்கொண்டு படிக்கிறீர்கள், 'அட, நானும் போன டிசம்பரில் இதையேதான் செய்தேன்' என்று தோன்றுகிறது. அந்த நிமிடத்தில் நீங்கள் தனி ஆள் இல்லை. இதை வெறும் ஆறுதல் என்று நான் ஒதுக்க மாட்டேன். திக்கலோடு வருகிற வெட்கத்துக்குத் தனிமைதான் தீனி, அந்தத் தீனியை நிறுத்துவதே பாதி வேலை. அதனால் உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: உதவிதான், ஒரு வருடம் வீணாகப் போகவில்லை.

ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது, அதைப் பற்றி அங்கே எழுதுகிறவர்களே அதிகம் பேசுவதில்லை. எழுத்தில் யாருக்கும் திக்காது. திக்குகிறவர்கள் கூடுகிற இடத்தில் வருடக்கணக்காக இருக்கலாம், நண்பர்கள் சேர்க்கலாம், புதிதாக வருகிறவர்களுக்குப் புத்தி சொல்லலாம், ஒரு தடவைகூட ஒரு மனிதர் முன்னால் திக்காமலே. கடைசியில் அதுவும் இன்னொரு ரொட்டி சானாய் ஆகிவிடும். காலையில் எழுந்தால் அதே வாய்தான் என்கிறீர்களே, உங்கள் வாய் அந்த ஒரு வருடமும் அங்கே போகவே இல்லை, கண் மட்டும்தான் போயிருக்கிறது.

சரி, முன்னோடிக்கு வருவோம். தேடினால் முதலில் கிடைப்பது பெரிய பெயர்கள். இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ், இளவரசராக இருந்தபோது 1925-இல் வெம்ப்ளியில் பேச எழுந்து பட்ட பாடும், அடுத்த வருடம் லயனல் லோக் என்ற ஆஸ்திரேலியரிடம் பயிற்சிக்குப் போனதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஜோ பைடன் இருக்கிறார். இந்தி நடிகர் ஹிருத்திக் ரோஷன் சிறு வயதிலிருந்தே தனக்குத் திக்கல் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். இவர்களைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லதுதான், பள்ளியில் கேலி வாங்கும் சின்னப் பையனுக்கு ஒரு ஹீரோவின் பெயரைச் சொன்னால் முகம் மலர்வதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் 24 வயதுக்காரருக்கு இவர்களை மட்டும் முன்னோடியாகக் காட்டுவது எனக்குப் பிடிக்காது. இந்தக் கதைகளை நாம் சொல்லும் விதமே 'ஒரு காலத்தில் திக்கியது, விடாமல் உழைத்தார், ஜெயித்தார்' என்பதுதான். அப்படிக் கேட்கிற பையன் என்ன எடுத்துக்கொள்வான்? எனக்கு இன்னும் திக்குகிறது, அப்படியானால் நான் உழைக்கவில்லை. உண்மையில் ஜார்ஜ் மன்னருக்குக் கடைசி வரை முழுசாகப் போகவில்லை, முக்கியமான உரைகளுக்கு முன்னால் வருடக்கணக்கில் லோக்கோடு உட்கார்ந்து ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் இருந்தார், அந்தப் பகுதியை நாம் சொல்வதே இல்லை.

பெரிய ஆள்தான் வேண்டும் என்றால் எனக்குப் பிடித்தவர் பக்கத்து வீட்டுக்காரர், ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட். 1957-இல் கேரளத்தின் முதல் முதலமைச்சர். மேடை, சட்டமன்றம், பத்திரிகையாளர் கூட்டம் என்று எல்லா இடத்திலும் திக்கிக்கொண்டே பேசினவர். நீங்கள் எப்போதுமே திக்குவீர்களா என்று ஒரு பத்திரிகையாளர் கேட்டதற்கு, இல்லை, பேசும்போது மட்டும்தான் என்று பதில் சொன்னதாகச் சொல்வார்கள். அவர் ஜெயித்துவிட்டுப் பேசவில்லை. பேசினார், திக்கியது, மேலே பேசினார்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல நினைக்கிறவர் அவரும் இல்லை. திக்கல் சிகிச்சையில் பெரிய பெயர் சார்ல்ஸ் வான் ரைப்பர், மிச்சிகன்காரர், 1905-இல் பிறந்தவர். எங்கள் படிப்பில் இவர் பெயரைத் தாண்டி யாரும் போக முடியாது. இவருக்கே கடுமையான திக்கல், இளம் வயதில் மூச்சு முட்டி முகம் கோணும் அளவுக்கு. ஒரு நாள் வீட்டுக்குப் போக வழியில் வண்டி கேட்டு நிற்கிறார், ஒரு வயதானவர் ஏற்றிக்கொள்கிறார். பெயர் கேட்டதும் இவர் திணறுகிறார். கிழவர் சிரித்துவிட்டாராம், இவருக்குக் கோபமான கோபம். அப்புறம்தான் தெரிகிறது அவருக்கும் திக்கும் என்று. தானும் முன்னால் இப்படித்தான் போராடினேன், இப்போது வயசாகிவிட்டது, என்னோடு நானே சண்டை போட எனக்குத் தெம்பில்லை, வருகிறபடி வரட்டும் என்று விட்டுவிடுகிறேன் என்கிற மாதிரி அந்தக் கிழவர் சொன்னாராம், அதையும் திக்கிக்கொண்டே, ஆனால் சிரமமே இல்லாமல். வான் ரைப்பர் அதைப் பிடித்துக்கொண்டார். திக்காமல் பேசப் பாடுபடுவதை விட்டு, சுலபமாகத் திக்கக் கற்றுக்கொள்வது என்ற ஒரு முழு சிகிச்சை முறையே அங்கிருந்து வளர்ந்தது. அந்தக் கிழவர் யார், என்ன பெயர், யாருக்கும் தெரியாது. இவருக்கு இரண்டு படி மேலே நின்ற ஒரு சாதாரண ஆள், அவ்வளவுதான்.

நீங்களும் அப்படி ஒருவரைத் தேடுங்கள். இன்டர்வியூவில் திக்கி வேலை வாங்கியவர், வாங்காமல் போய் அடுத்ததற்கும் போனவர், போனில் பிட்சா ஆர்டர் செய்ததை ஒரு பக்கம் எழுதியவர். ஒரு வருடம் படித்திருக்கிறீர்கள், உங்களுக்கே சிலர் பெயர் மனதில் இருக்கும். அதில் யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது என்றால், எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கெட்ட நாளைப் பற்றியும் எழுதுகிறாரா என்று பார்ப்பேன், எப்போதும் வெற்றியையே எழுதுகிறவர் பெரும்பாலும் ஏதோ விற்கிறார். எழுத்துக்குக் கடைசியில் பணம் கட்டும் பட்டன் இருந்தால் இன்னும் சந்தேகப்படுவேன். எல்லாவற்றையும் விட, அவர் எழுதியதைப் படித்து முடித்ததும் உங்களுக்கு நாளைக்கு ஏதாவது செய்து பார்க்கலாம் என்று தோன்றுகிறதா, அல்லது இன்னொன்று படிக்கலாம் என்று மட்டும் தோன்றுகிறதா? முதல் வகையில் இரண்டு மூன்று பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை விட்டுவிடுங்கள்.

அங்கே ஒரு பெரிய சண்டையும் ஓடிக்கொண்டிருக்கும், நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு கூட்டம், திக்கலில் தப்பே இல்லை, சிகிச்சையே அவமானம் என்பார்கள், இன்னொரு கூட்டம், ஏற்றுக்கொள்வது தோற்றவன் பேச்சு, பயிற்சி செய்தால் போய்விடும் என்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே ஆளைப் புண்படுத்திக்கொண்டிருக்கும். என் அனுபவத்தில் ஏற்றுக்கொண்டவர்கள்தான் பயிற்சியையும் ஒழுங்காகச் செய்கிறார்கள், ஏனென்றால் ஒளிப்பதற்குச் செலவாகிற சக்தி அவர்களுக்கு மிச்சமாகிறது. அந்தச் சண்டையில் கலந்துகொள்ளாதீர்கள், இரவு இரண்டு மணிக்கு நிச்சயமாக வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது. முதலில் ஒரே ஒருவருடைய பதிவின் கீழே எழுதுங்கள். 'நன்றி, அருமை' என்று இல்லை, அதற்கு யாரும் பதில் போட மாட்டார்கள். குறிப்பாகக் கேளுங்கள்: 'வேலையில் வாக்கி டாக்கி பிடித்துப் பேச வேண்டியிருக்கிறது, பட்டனை அழுத்தியதும் வாய் பூட்டிக்கொள்கிறது, நீங்கள் என்ன செய்வீர்கள்?' இப்படிக் கேட்டால் அன்றைக்கே மூன்று பேர் பதில் எழுதுவார்கள், ஒருவராவது ஃபேக்டரியிலோ கிடங்கிலோ வேலை பார்ப்பவராக இருப்பார். உங்கள் ஆங்கிலம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, அங்கே யாரும் இலக்கணம் பார்க்க மாட்டார்கள்.

ஒவ்வொரு அக்டோபரிலும் 22-ஆம் தேதி உலகத் திக்கல் விழிப்புணர்வு நாள். 1998-இலிருந்து அதையொட்டி இணையத்திலேயே ஒரு மாநாடு நடக்கிறது, 1-ஆம் தேதியிலிருந்து 22 வரை. திக்குகிறவர்களும் சிகிச்சையாளர்களும் எழுதிய கட்டுரைகள் இருக்கும், யார் வேண்டுமானாலும் கேள்வி எழுதலாம், எழுதியவரே பதில் போடுவார். எழுதிப் பழக அதைவிடப் பத்திரமான இடம் எனக்குத் தெரியாது.

அதோடு நின்றுவிட்டால் நான் சொன்ன கண்ணியில்தான் போய் விழுவீர்கள். அடுத்த படி குரல். திக்குகிறவர்கள் வீடியோவில் கூடிப் பேசுகிற குழுக்கள் இப்போது நிறைய இருக்கின்றன. அமெரிக்காவில் 1977-லிருந்து தேசியத் திக்கல் சங்கம் இருக்கிறது, இங்கிலாந்தில் அடுத்த வருடமே ஒன்று வந்துவிட்டது. உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இந்தியாவை. தி இந்தியன் ஸ்டாமரிங் அசோசியேஷன் என்று திக்குகிறவர்களே நடத்துகிற அமைப்பு, பல நகரங்களில் சுய உதவிக் குழுக்கள் வைத்து நடத்துகிறது. சென்னைப் பக்கத்து ஆட்களைப் பிடித்தால் தமிழிலேயே பேசலாம். நம் நேரம் அவர்களைவிட இரண்டரை மணி முன்னால், அவர்கள் இரவு எட்டு மணிக்குக் கூடினால் உங்களுக்குப் பத்தரை, எப்படியும் விழித்திருக்கிறீர்கள்தானே. நம் மலேசியத் தமிழைக் கேட்டு முதலில் சிரிப்பார்கள், லா போட்டுப் பேசினால் இன்னும் சிரிப்பார்கள், அது திக்கலுக்கான சிரிப்பு இல்லை, கவலைப்படாதீர்கள்.

முதல் தடவை கேமராவை அணைத்துக்கொண்டு சும்மா கேளுங்கள், போதும். என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு பெண், தீவில் ஒரு ஃபார்மசியில் கவுண்டரில் நிற்பவள், இப்படித்தான் ஒரு கூட்டத்தில் போய் உட்கார்ந்தாள். நடுவயதுக்காரர் ஒருவர் தன் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. கண் மூடவில்லை, கீழே குனியவில்லை, அந்த எழுத்திலேயே நின்றார். திரையில் இருந்த மற்றக் கட்டங்களில் ஒருவரும் முகத்தைத் திருப்பவில்லை, எடுத்துக்கொடுக்கவில்லை, 'ரிலாக்ஸ்' என்று சொல்லவில்லை, ஒருவர் மட்டும் தண்ணீர் குடித்தார். பெயர் வந்தது. அவர் அதன் பிறகு எங்கே வேலை, எத்தனை பிள்ளைகள் என்று சாதாரணமாகப் பேசிக்கொண்டே போனார். 'அக்கா, அவர் சாரி சொல்லவே இல்லக்கா' என்றாள் என்னிடம். அந்த ஒன்றுதான் அவளுக்குப் புதிதாக இருந்தது. அடுத்த வாரம் அவளும் கேமராவைப் போட்டுத் தன் பெயரைச் சொன்னாள், நன்றாகத் திக்கியது என்று சந்தோஷமாக வந்து சொன்னாள். இதை நான் அறையில் உட்கார்ந்து மாதக்கணக்காகச் சொன்னாலும் நடந்திருக்காது, எனக்குத் திக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

மேடைப் பேச்சு பழகுகிற டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்புக்குப் போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்லுவார்கள், பினாங்கில் நிறைய கிளப்புகள் இருக்கின்றன. போகலாம், ஆனால் அங்கே பேசுகிறவர் எத்தனை தடவை 'ஆ', 'ம்' என்றார் என்று எண்ணுவதற்கென்றே ஒருவர் உட்கார்ந்திருப்பார். முன்கூட்டியே தலைவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் முதல் கூட்டத்தோடு ஓடிவந்துவிடுவீர்கள்.

இன்டர்வியூவுக்கு ஒரு மாதம் இருக்கிறது. அதற்குள் திக்கல் குறையும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன், ஒளிப்பதைக் குறைக்கலாம். உட்கார்ந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிடுங்கள்: 'எனக்குத் திக்கும். சில வார்த்தை வர நேரம் எடுக்கும், நான் சொல்லி முடித்துவிடுவேன், நீங்கள் எடுத்துக்கொடுக்க வேண்டாம்.' இதை எந்த மொழியில் இன்டர்வியூவோ அந்த மொழியில், மலாயோ ஆங்கிலமோ, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மன்னிப்புக் கேட்காதீர்கள். 'சாரி, எனக்குக் கொஞ்சம் பேச்சுப் பிரச்சினை, பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று கெஞ்சுவதற்கும், விஷயத்தை அப்படியே எடுத்துச் சொல்வதற்கும் கேட்கிறவர் மனதில் படுவதில் வித்தியாசம் இருக்கிறது என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. சொல்லிவிட்ட பிறகு இன்னொரு லாபம், அதை மறைக்க வேண்டிய வேலை போய்விடுகிறது, கேள்வியைக் காது கொடுத்துக் கேட்க முடியும். திக்குகிறவர்கள் இன்டர்வியூவில் சொதப்புவது பெரும்பாலும் திக்கலால் இல்லை, அடுத்த வாக்கியத்தில் எந்த வார்த்தை மாட்டும் என்று தேடிக்கொண்டு கேள்வியையே விட்டுவிடுவதால்தான்.

பெயருக்கு ஒரு பயிற்சி. தெரியாதவர்களிடம், வேண்டுமென்றே, வருகிற சமயத்திலும் திக்கிச் சொல்லுங்கள். க-க-க என்று நீங்களே, மெதுவாக, அவசரமில்லாமல், எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்து. டேக்-அவே கடையில் பெயர் கேட்டு எழுதிக்கொள்வார்களே, அங்கே செய்யலாம். பைத்தியக்காரத்தனமாகத் தெரியும், முதல் தடவை காது மடல் வரை சூடேறும். ஆனால் உங்களைத் துரத்திக்கொண்டிருந்ததை நீங்கள் துரத்த ஆரம்பிக்கிறீர்கள், நாலைந்து முறைக்குப் பிறகு அந்தச் சூடு குறைவதை நீங்களே உணர்வீர்கள். மீ கோரேங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எத்தனை நேரம் ஆனாலும் மாமாக் அண்ணன் நிற்பார், அவருக்கு ஆர்டர் வேண்டும்.

மாமாவின் 1,800 ரிங்கிட் கோர்ஸ் வேண்டாம். 15 நாளில் திக்கல் நின்றதாக வீடியோவில் பேசுகிறவர் பொய் சொல்கிறார் என்றுகூட நான் சொல்லவில்லை, புதிதாக ஒரு தாளத்தில், இழுத்து, மெதுவாகப் பேசினால் பெரும்பாலானோருக்குத் திக்கல் சட்டென்று குறையும், கூட்டமாகத் தேவாரம் சொல்லும்போது உங்களுக்கு ஒரு வார்த்தையும் மாட்டாதே, அதே மாதிரிதான். கேமராவுக்கு முன்னால் 15 நாள் அப்படிப் பேசலாம். லைன் நின்றுபோய், சூப்பர்வைசர் கத்துகிறபோது வாக்கி டாக்கியில் அந்தத் தாளம் வராது. அப்போது போனது பணம் மட்டும் இல்லை, 'பயிற்சியும் பலிக்காத ஆள் நான்' என்ற எண்ணமும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். மாத்திரை என்று யாராவது சொன்னாலும் இதே பதில்தான், திக்கலுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. மாமாவிடம் சண்டை போடாதீர்கள், அக்கறையில் அனுப்பியிருக்கிறார், டாக்டரைப் பார்க்கிறேன் மாமா என்று சொல்லிவிடுங்கள்.

அம்மா பால்குடம் எடுக்கட்டும், அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் அவருக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும், நிறையத் தாய்மார்கள் சொல்லாமல் மனதுக்குள் வைத்திருப்பது: சின்ன வயதில் நான் அதட்டியதால்தான் இப்படி ஆனதோ என்று. பெற்றோர் நடந்துகொள்வதால்தான் திக்கல் வருகிறது என்று ஒரு காலத்தில் படித்தவர்களே சொன்னார்கள், அது தப்பு என்று பிறகு தெரிந்தது. மூளை பேச்சை ஒருங்கிணைக்கும் விதத்திலும் பரம்பரையிலும் அதன் வேர் இருக்கிறது, பாகிஸ்தானியக் குடும்பங்களில் தொடங்கிய ஒரு ஆய்வில் 2010-இல் திக்கலோடு தொடர்புடைய மரபணு மாற்றங்களையே கண்டுபிடித்தார்கள். அவர் தப்பில்லை என்று சொல்லுங்கள், உங்கள் வாயால், திக்கினாலும் பரவாயில்லை. அப்புறம் அவருக்கு ஒரு வேலை கொடுங்கள்: வீட்டில் பேசும்போது 'மெதுவாப் பேசுய்யா' வேண்டாம், வார்த்தையை எடுத்துக்கொடுப்பது வேண்டாம், சொல்லி முடிக்கிற வரை அம்மா உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். நேர்த்திக்கடனைவிட இது கஷ்டம் என்று ஒரு அம்மா என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

இரவில் படிக்கும்போது மனம் ரொம்பக் கீழே போகிற நாட்கள் இருந்தால், இருப்பதாக உங்கள் கடிதத்தில் எனக்குப் பட்டது, திரையை மூடிவிட்டு, மனம் விட்டுப் பேசக் காது கொடுக்கும் தொண்டு அமைப்பான பிஃப்ரெண்டர்ஸுக்கு எழுதுங்கள், போனில்தான் பேச வேண்டும் என்றில்லை, மின்னஞ்சலிலும் பதில் தருகிறார்கள்.

கடைசியாக, இணையத்து நண்பர்கள் சிகிச்சையாளருக்குப் பதில் ஆக மாட்டார்கள், நாங்களும் அவர்களுக்குப் பதில் ஆக மாட்டோம், இரண்டும் வேண்டும். பக்கத்தில் இருக்கிற கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார கிளினிக்) போங்கள், ஐசி (அடையாள அட்டை) எடுத்துக்கொண்டு, ஒரு ரிங்கிட்தான். டாக்டரிடம் பேச்சு சிகிச்சைக்குக் கடிதம் வேண்டும் என்று கேளுங்கள், பினாங்கு மருத்துவமனை போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் பேச்சு சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். குழந்தைகளுக்குத்தானே இது என்று யாராவது சொன்னால், பெரியவர்களுக்கும் உண்டு என்று விடாமல் கேளுங்கள். முதல் தேதி கிடைக்கக் காத்திருக்க வேண்டி வரும், அடுத்த மாத இன்டர்வியூவுக்குள் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், அதற்கு மேலே சொன்னதை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம், ஆனால் கிளினிக்குக்கு இந்த வாரமே போய்விடுங்கள்.